முழுப் பேர்

என் பெயர் சண்முகசுந்தரம் கார்த்திகாதேவி. இதை இப்படி வாய் நிறையச் சொல்லி என்னைக் கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான். பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். துணி காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சண்முகசுந்தரம் கார்த்திகாதேவி, உன் வாளி நெறைஞ்சு வழியுது!" என்று கத்துவாள். விடுதியே திரும்பிப் பார்க்கும். வழிவது வாளியா என் மானமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். பெட்டியைக் கீழே வைக்குமுன் என் பேரைக் கேட்டாள். கார்த்தி என்றேன்.

"அது அரைப் பேருங்க. முழுசாச் சொல்லுங்க."

அரைப் பேர் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. எங்களுடையது பதுளை பஸார் வீதியில் துணிக்கடை. தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. பறித்த கொழுந்து நிறையில் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். எங்கள் கடைக்கு வரும் பெண்கள் ஒரு சேலையை விரித்து, தடவிப் பார்த்து, "இந்த மாசம் பூரா அரைப் பேருங்க, அடுத்த மாசம் பாப்போம்" என்று மடித்து வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்தச் சொல்லை ஒருவரைக் கூப்பிடும் பேருக்குப் பொருத்தி நான் கேட்டதே இல்லை. கேட்ட அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தோட்டத்துப் பேச்சு இன்னும் வாயை விட்டுப் போகவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

போகிற பேச்சாக அது தெரியவில்லை. யாரைப் பார்த்தாலும் முழுப் பேர் கேட்டாள். கேட்டதை மறக்கவும் மாட்டாள், சுருக்கவும் மாட்டாள். சிங்களப் பேர்களின் நீளம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். லுணுகலை பஸ் கண்டக்டரிடம் பசறைக்குக் கிட்டே ஒரு வளைவில் வைத்துக் கேட்டிருக்கிறாள். அவர் டிக்கட் புத்தகத்தை மூடிவிட்டார்.

"ஏன் நங்கி, என்மேல முறைப்பாடு எழுதிக் குடுக்கப் போறீங்களா?" நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

"இல்லங்க. கூப்பிடத்தான்."

அவர் தாத்தா வழிப் பேரிலிருந்து தொடங்கிச் சொல்லி முடிக்கும்போது பஸ் அடுத்த தரிப்பிடத்தைத் தாண்டிவிட்டதாம். அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமைகளில் இவளுக்கு முன் இருக்கையில் துவாயைப் போட்டு இடம்பிடித்து வைப்பார். நானும் ஒரு தடவை அவளோடு அந்த பஸ்ஸில் போனேன். 'அண்ணே, அண்ணே' என்று குழைந்து பார்த்தேன். லுணுகலை வரைக்கும் நின்றுகொண்டுதான் போனேன்.

அப்படிப் போனது அவள் வீட்டுக்கு. லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தின காம்பிரா. அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அவளுடைய அம்மாவிடம் கேட்டேன், இந்தப் பேர்ப் பைத்தியம் இவளுக்கு எப்போது பிடித்தது என்று. அம்மா சிரித்தார்.

"அத ஏன் கேக்குறீங்க. அப்ப இருந்த கணக்கப்பிள்ளைக்கு எம் பேரு வாயில வராது. நாலாவது வரிசையில நிப்பேன், அதனால 'ஏ நாலு'ன்னு கூப்புடுவாரு. நானும் இருக்கேன்னு சொல்லிருவேன். வருசக்கணக்கா அப்படித்தான். ஒரு நா இவ, வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பிராவுக்குப் போறவ, பெரட்டுக் களத்து மேட்டுல நின்னுக்கிட்டு, 'எங்கம்மா பேரு மாரியாயி, நாலு இல்ல'ன்னு கத்திப்புட்டா. தொரை அங்கதான் நிக்கிறாரு. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு."

"அடிச்சீங்களா?"

"அடிக்காமலா! ஆனா மறுநாள்லருந்து மாரியாயின்னுதான் கூப்புட்டாங்க."

அந்தக் கதையைக் கேட்ட பிறகு நான் அவளைப் பார்த்து அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

எங்கள் வளாகத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் இருந்தது. முதலாம் வருடத்துக்கு வருகிறவர்களுக்குப் ராகிங் என்கிற பகிடிவதையோடு சேர்த்து சீனியர்கள் ஒரு பேர் வைப்பார்கள். அதற்கு 'கார்ட்' என்று பெயர். படித்து முடித்துப் போகும்வரை எல்லோரும் அந்தப் பேராலேயே கூப்பிடுவார்கள். நான் நெட்டை, துணிக்கடை வேறு. எனக்கு 'மீட்டர்' என்று வைத்தார்கள். ஒரு கிழமை கோபப்பட்டேன். பிறகு பழகிவிட்டது. இப்போதுகூட யாராவது மீட்டர் என்றால் திரும்பிப் பார்ப்பேன்.

அவளுக்கு வைத்த பேர் 'கொழுந்து'.

இதில் என்ன வித்தியாசம் என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். வித்தியாசம் உண்டு. மீட்டர் என்னைப் பார்த்த பிறகு எனக்காக யோசித்து வைத்த பேர், என்னோடு முடிந்துவிடும். கொழுந்து அவள் வருவதற்கு முன்பே அங்கே காத்துக்கொண்டிருந்தது. எங்கள் பீடத்துக்குத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் குறைவு, யாருமே வராத வருடங்களும் உண்டு. வந்தால், அது ஆணோ பெண்ணோ, நெட்டையோ குட்டையோ, பேர் தயாராக இருக்கும். பழைய கொழுந்து புதுக் கொழுந்தின் கையில் ஒரு தேயிலைக் கிளையைக் கொடுத்து, எல்லோரும் கை தட்ட, பேரை ஒப்படைக்க வேண்டும். அவளுக்கு முன்னால் அந்தப் பேரைச் சுமந்தவன் முதலாம் வருடத்திலேயே படிப்பை விட்டுவிட்டுப் போயிருந்தான். அதனால் சீனியர்களே அவள் கையில் கிளையைக் கொடுத்தார்கள்.

கென்டீனில் எப்போதும் ஒரே வேடிக்கைதான். பரீட்சைப் புள்ளி வந்த நாளில் அவள் உள்ளே நுழைந்தால், "கொலுந்து, இன்னைக்கு எத்தன கிலோ?" என்று சிங்களத்தில், ழகரம் வராத ஒரு சத்தம் வரும். சத்தம் போடுகிறவன் மூன்றாம் வருடத்து மாணவர் தலைவன். நண்பர்களுக்கு அவன் நிமா. அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பி, அவனுடைய சிங்களத்திலேயே, "கொடிதுவக்கு ஆரச்சிலாகே நிமல் சாந்த, கேட்டதுக்கு நன்றி. எழுபத்தெட்டு" என்பாள். நிஜமாகவே அக்கறையாகக் கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொல்வாள். குரலில் ஒரு குத்தலும் இருக்காது. அதுதான் அவனைச் சங்கடப்படுத்தும். அவன் அந்த ஆரச்சிலாகே என்ற பரம்பரைப் பேரை, இவள் கேட்ட ஒரு தடவையைத் தவிர, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தவன்.

தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் என்ன வாழ்ந்தது? யாழ்ப்பாணத்து அண்ணன்மாரும் அதே கொழுந்துதான். ஒருவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"பகிடிதானே பிள்ளை, ஏன் மனசில வைக்கிறீர்?"

"பகிடிதாங்க. ஆனா ஒங்க ஊர்ல இருந்து வர்ற எல்லாருக்கும் ஒரே பேரு வைக்கலையே, ஏன்?"

அவர் விரிவுரைக்கு நேரமாகிவிட்டது என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் இரண்டாம் வருடத்துக்கு வந்தபோது பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்தாள். சீனியர்களுக்குக் கொண்டாட்டம். தேயிலைக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்து எங்கள் மேசையில் வைத்தார்கள். வழக்கப்படி இவள் அதைப் புதியவளிடம் கொடுக்க வேண்டும். இவள் கிளையை எடுத்துப் பார்த்தாள்.

"முத்தல் எல. இத எங்க தோட்டத்துல எடுக்க மாட்டாங்க" என்று சொல்லி மேசையிலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவளோடு யாரும் பேசக் கூடாது என்று கட்டளை. விரிவுரையில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். குழு வேலையில் சேர்க்க மாட்டார்கள். என்னையும் ஒதுக்கினார்கள். எனக்கு வாய் நீளம், சமாளித்துக்கொண்டேன். அவளுக்குக் கவலை வேறாக இருந்தது. தான் கொடுக்காவிட்டாலும் அவர்களே அந்தப் புதுப் பெண்ணின் கையில் கிளையைத் திணித்துவிடுவார்கள் என்று பயந்தாள். அந்தப் பெண் அதற்குள்ளேயே பையைக் கட்டி வைத்துவிட்டு, போவதா இருப்பதா என்று அழுதுகொண்டிருந்தாள். அவள் போய்விட்டால் அந்தத் தோட்டத்திலிருந்து இன்னொரு பிள்ளை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

இவள் என்ன செய்தாள் தெரியுமா? விடுமுறை நாட்களில் பஸ் ஏறிப் போய், இதற்கு முன்னால் கொழுந்தாக இருந்தவர்களைத் தேடினாள். மொனராகலைக்குப் போனாள், ஹாலிஎலவுக்குப் போனாள். போனவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், அவர்களுடைய முழுப் பேர். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் உங்கள் பேரைச் சொல்லலாமா என்றும் கேட்டு வந்தாள்.

"எல்லாரும் சரின்னுட்டாங்க. ஒருத்தர் மட்டும் சொல்ல வேணாம்னுட்டாரு. ஆளு மாறி வந்துட்டீங்கன்னு கதவச் சாத்திட்டாரு."

"யாரு?"

"கேக்காத. அவரு சொல்ற வரைக்கும் எம் வாயில வராது."

எவ்வளவோ கெஞ்சியும் எனக்குச் சொல்லவில்லை. அறையில் கூடவே இருக்கிறவளிடம் இவ்வளவு அழுத்தமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அவளை ஒதுக்கிவைத்த பேச்சு நிருவாகத்தின் காதுவரை போய், ஒரு நல்லிணக்க உரையாடல் ஏற்பாடு செய்தார்கள். நல்லிணக்கம் என்றால் எங்கள் வளாகத்தில் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. குத்துவிளக்கு ஏற்றுவது, சிங்களப் பிள்ளை தமிழ்ப் பாட்டுப் பாடுவது, தமிழ்ப் பிள்ளை கண்டி நடனம் ஆடுவது, எல்லோரும் கிரிபத் என்ற பாற்சோறு சாப்பிட்டுவிட்டுக் கலைவது. அன்றைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு, யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்று தலைமை தாங்கிய பேராசிரியர் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். மேடையின் ஓரத்தில் ராம் சேர் மைக்கோடு நின்றார். தற்காலிக விரிவுரையாளர், பதுளை டவுன்காரர் என்று கேள்வி. தமிழில் பேசினால் சிங்களத்திலும், சிங்களத்தில் பேசினால் தமிழிலும் சொல்வது அவர் வேலை.

அவள் எழுந்து போனாள். மண்டபத்தில் முணுமுணுப்பு.

"இந்தக் கெம்பஸ்ல எங்களுக்கு அரைப் பேருதான் போட்டுருக்காங்க" என்று தொடங்கினாள்.

ராம் சேர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பேராசிரியர் குறுக்கிட்டார்.

"அரைப் பேர் எண்டால் என்ன பிள்ளை? பேரைச் சுருக்கிக் கூப்பிடுறதோ?"

"அதுவுந்தாங்க. தோட்டத்துல நாள் பூரா மலையில நின்னாலும் கொழுந்து கொறைஞ்சா பாதிச் சம்பளந்தான். அத அரைப் பேருன்னு சொல்லுவோம். நின்னது முழு ஆளு. பேரு மட்டும் பாதி."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ராம் சேர் ஏற்கனவே சிங்களத்தில் 'பாதி நாள் சம்பளம்' என்றுதான் சொல்லியிருந்தார். யாரும் விளக்குவதற்கு முன்பே.

பேராசிரியர் தலையாட்டினார். "விளங்குது. ஆனா கொழுந்து எண்டது வடிவான சொல்தானே? அதில என்ன பிழை?"

"சொல்லு நல்லதுங்க. நாங்க அத வச்சுத்தான் சாப்புடுறோம். ஆனா அது எங்க யாருக்கும் பேரு இல்ல. நான் பேச வரலங்க. ஒரு பெரட்டு வைக்க வந்தேன். பேரு கூப்புடுவேன். இருக்கிறவங்க இருக்கேன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மைக்கைப் பிடித்தாள்.

"கருப்பையா புஷ்பவள்ளி."

அவள் அவசரப்படவில்லை. தோட்டத்தில் பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்களோ அவ்வளவு நேரம் நின்றாள்.

"வரல. மொனராகலையில டீச்சரா இருக்காங்க. பெரியசாமி யோகநாதன்."

மறுபடியும் காத்திருந்தாள்.

"வரல. மொத வருசத்துலயே போயிட்டாரு. ஹாலிஎலவுல ஒரு கடையில நிக்கிறாரு."

இதையெல்லாம் ராம் சேர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் வரவர இறங்கியது.

"அடுத்த பேர நான் கூப்புடல. கூப்புட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க எடத்தச் சும்மா வச்சிருக்கேன்" என்றாள் அவள்.

இதற்கு மொழிபெயர்ப்பு வரவில்லை. சிங்களப் பிள்ளைகள் ராம் சேரைப் பார்த்தார்கள். பேராசிரியரும் திரும்பிப் பார்த்தார். அவள் மட்டும் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடக் காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்று நினைத்திருப்பாள். இவ்வளவு கோபமும் இவ்வளவு மரியாதையும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ராம் சேர் கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"சின்னக்கருப்பன் இராமச்சந்திரன்," என்றார். "இருக்கேன்."

அதைச் சிங்களத்திலும் சொன்னார், தொழில் பழக்கத்தில். "மம இன்னவா."

அந்த வளாகத்தில் அவருக்குக் கீழே படித்த ஒருவருக்கும் அவருடைய அப்பாவின் பேரும் தெரியாது, அவரும் ஒரு காலத்தில் அங்கே கொழுந்தாக இருந்தவர் என்பதும் தெரியாது. அவள் அவரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினாள்.

"கடைசிப் பேரு. இந்த ஆள ஒங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு வருசமாக் கூப்புடுறீங்க. இத நீங்களே கூப்புடுங்க."

பின்னாலிருந்து யாரோ, "கொழுந்து" என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிவிட்டான். அவளோடு ஒரே பெட்ச்சில் படித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியர் முன்னால் இருந்த காகிதத்தைப் புரட்டினார், அதில் என்ன இருக்கப் போகிறது? அவள் முழுப் பேர் எனக்குத் தெரியும். கத்திவிடலாம் என்று எழுந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

மூன்றாம் வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. எழுந்தவன் நிமல் சாந்த. கிலோ கேட்கிறவன். முகம் சிவந்து போயிருந்தது. சண்டைக்கு எழுந்திருக்கிறான் என்றே நினைத்தேன். அவன் சிங்களத்தில் மெதுவாக எதையோ கேட்டான். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. ராம் சேர் அதை மைக்கில் தமிழில் சொன்னார். இந்தத் தடவை டவுன் தமிழில்லை, தோட்டத்துத் தமிழ்.

"தங்கச்சி, ஒங்க பேரு என்னங்க?"

அவளுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். இருந்தாலும் மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருந்துவிட்டு, அவனையே பார்த்துச் சிங்களத்தில் கேட்டாள்.

"முழுப் பேரா?"

"முழுப் பேர்" என்றான் அவன்.

சொன்னாள். அப்பா பேர், அதற்குப் பிறகு மாரியாயி என்ற அம்மாவின் பேர், கடைசியாகத் தன் பேர். அவ்வளவு நேரம் அசையாமல் நின்றவளுக்கு அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. எனக்கு அதற்கு முன்பே கண்ணீர் வந்துவிட்டது. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அன்றோடு எல்லாம் திருந்திவிட்டது என்று சொன்னால் பொய். வளாகத்தின் மானத்தை வாங்கிவிட்டாள் என்று முகநூலில் எழுதினார்கள். அவளோடு பேசக் கூடாது என்ற கட்டளை சத்தமில்லாமல் தளர்ந்து போகக் கொஞ்ச காலம் பிடித்தது. ராம் சேருக்கு வேலை நீடிக்கப்படவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள், இருக்கலாம். பசறைப் பெண் பையை அவிழ்த்து உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினாள். அவள் கையில் யாரும் தேயிலைக் கிளையைக் கொடுக்கவில்லை. அவளுக்கும் ஒரு கார்ட் வைத்தார்கள்தான், அவள் குறட்டை விடுவதற்காக. அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள்.

இவள் இப்போது மொனராகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். காலையில் வரவு எடுக்க மற்ற வகுப்புகளைவிட அவள் வகுப்பில் கூடுதல் நேரமாகிறது என்று அதிபர் குறைப்படுகிறாராம். எனக்குப் போன் செய்தால் இப்போதும் வணக்கமெல்லாம் கிடையாது. "சண்முகசுந்தரம் கார்த்திகாதேவி?" என்று கேட்பாள். நான் "இருக்கேன்" என்பேன். அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு.

இவ்வளவு சொல்லியும் அவள் பேரை நான் எழுதவில்லை. மறக்கவில்லை. என் போனில் அது முழுசாக இருக்கிறது, திரை போதாமல் கடைசி எழுத்துகள் மறைந்து நிற்கின்றன. எழுதி நீட்டிவிட்டால் வாசித்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் அதைக் கேட்டு வாங்க ஒரு வருடம் எடுத்தார்கள். நீங்களும் கேளுங்கள். சொல்கிறேன்.